மாலை வகுப்பு தொடங்கும் முன் பஸ் நேரத்தைப் பாருங்கள்

பத்தாம் வகுப்புக்கு மாலை நேரச் சிறப்பு வகுப்பு தொடங்கப் போகிறேன், எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று புதிதாக வேலைக்கு வந்த கணக்கு டீச்சர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். அவரிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன். பதினெட்டு வருடமாக ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன்.

முதல் வருடம் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் குறைந்தவர்களைப் பட்டியல் போட்டு, காலை பிரேயரில் ‘மெல்லக் கற்போர் சிறப்பு வகுப்பு’ என்று பெயர் பெயராக வாசித்தேன். 31 பெயர். அன்று மாலை வந்தது 9 பேர், மறுவாரம் 4. வராத பையன் ஒருவனைப் பிடித்துக் கேட்டால், “தங்கச்சி ஏழாவது படிக்கிறா டீச்சர். அவளும் லைன்ல நின்னு கேட்டா” என்றான். அதற்கு மேல் நான் என்ன கேட்க?

அதனால் பட்டியல் உங்கள் டைரியிலேயே இருக்கட்டும். வகுப்புக்குச் சாதாரணமாக ‘மாலைக் கணக்கு’ என்று பெயர் வையுங்கள். நன்றாகப் படிக்கிற ஏழெட்டுப் பேரையும் சேர்த்துக்கொண்டு, நாலு பேருக்கு ஒருவர் என்று உட்கார வையுங்கள். யார் எதற்கு வந்தார்கள் என்று வெளியில் தெரியக் கூடாது, அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்கும் இது வீண் இல்லை. பக்கத்தில் இருப்பவனுக்கு விளக்கும்போதுதான் தனக்கு எங்கே புரியவில்லை என்று அதற்கே தெரிகிறது.

அடுத்தது பஸ். எங்கள் ஊரிலிருந்து 5.35க்கு டவுன் பஸ், விட்டால் 7.10. வகுப்பை 5.45 வரை வைத்தால் பக்கத்து ஊர்ப் பெண் பிள்ளைகள் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். நேர அட்டவணை போடும் முன் எந்தப் பிள்ளை எந்த பஸ், யார் சைக்கிள், யார் நடை என்று ஒரு தாளில் எழுதுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த இரண்டு மாதமும் கால் மணி நேரம் முன்னதாகவே முடித்துவிடுவேன்.

பசியை மறந்துவிடாதீர்கள். மதியம் சாப்பிட்ட பிள்ளைக்கு நாலரை மணிக்கு இயற்கணிதம் ஏறாது. ஒரு கிலோ கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊற வைத்தால் இருபத்தைந்து பிள்ளைகளுக்குச் சுண்டல் ஆகும். சத்துணவு அக்காவை ஓசியில் வேலை வாங்காதீர்கள், கூடுதல் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். பணத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தை மட்டும் நம்பாமல், முன்னாள் மாணவர்களிடம் ஆளுக்கு ஒரு நாள் கேளுங்கள். மொத்தமாக ஐயாயிரம் கேட்டால் யோசிப்பார்கள். ‘உன் பிறந்தநாள் சுண்டல்’ என்றால் உடனே அனுப்புகிறார்கள். வாசல் கரும்பலகையில் ‘இன்றைய சுண்டல்: 2009 செட்’ என்று எழுதினேன். ஒரே வாரத்தில் 2010 செட் தானாகவே கூப்பிட்டது!

பாடம் எடுப்பது உங்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். கணக்கில் தேர்ச்சிக்கு 35. செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8, ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. கூட்டினால் 30. இந்த மூன்றையும் முதல் மாதத்திலேயே கையில் கொடுத்துவிட்டால், “எனக்குக் கணக்கு வராது” என்று சொல்லும் பிள்ளை கூட்டிப் பார்த்து நிமிர்ந்து உட்காரும். இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கு அப்புறம் போகலாம்.

பெற்றோருக்கு எப்படிச் சொல்வது? அச்சடித்த நோட்டீஸ் பையிலேயே கசங்கிப் போகும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால், போன் வேலைக்குப் போன அப்பாவிடம் இருக்கும். எழுத்தாக அனுப்பாமல் ஒரு நிமிடத்துக்குள் குரல் பதிவாக அனுப்புங்கள், இரவு எட்டு மணிக்கு மேல். அதைவிட நல்ல இடம் நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரை. அம்மாக்கள் அங்கே ஒன்றாக இருப்பார்கள். ஒரு சனிக்கிழமை பத்து நிமிடம் நின்று பேசினேன். மூன்று பெற்றோர் கூட்டத்தில் நடக்காதது அன்று நடந்தது.

அங்கே ‘கல்வியின் முக்கியத்துவம்’ பேசாதீர்கள், காசுக் கணக்கைச் சொல்லுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000, இது 2022 செப்டம்பரிலிருந்து. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேர்வாகிவிட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் ₹12,000. “நாலு வருஷத்துக்கு 48,000 ரூபாயா?” என்று ஒரு அம்மா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

என்.எம்.எம்.எஸ். பயிற்சிக்கு மாதிரித் தாளை விட முக்கியம் வருமானச் சான்றிதழ். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. கடைசி வாரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடினால் கதை கந்தல். ஆகஸ்டிலேயே ஆதார், ரேஷன் கார்டு நகல்களோடு பெற்றோரை ஒரே நாளில் வரச் சொல்லி மனு போட வைத்துவிடுங்கள்.

மாலை வகுப்பில் கூட்டம் குறைவு என்பதால் பிள்ளைகள் வீட்டுக் கதையையும் சொல்லத் தொடங்கும். கல்யாணப் பேச்சு, அப்பாவின் குடி, அடி. நீங்களே விசாரணை நடத்தாதீர்கள், ஊரில் பேசாதீர்கள். தலைமை ஆசிரியரிடம் சொல்லி, குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். அந்த எண்ணையும் கல்வி உதவி எண் 14417ஐயும் எல்லா நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுத வைத்துவிடுவேன். எல்லோரும் எழுதுவதால் யாருக்குத் தேவை என்று தெரியாது.

தேர்வு முடிவு வரும் நாளோடு வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். தேறியவர்கள் சாக்லேட்டோடு வருவார்கள், தவறியவர்கள் வர மாட்டார்கள். துணைத்தேர்வுக்கு நாள் குறைவு. அன்று மத்தியானமே நான் வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன், கையில் ஒரு ஜியோமெட்ரி பாக்ஸோடு.