இத்தாலியில் சமையல் வகுப்புக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன சனிக்கிழமை காலை, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் இரண்டு கையிலும் முட்டையும் மாவும் அப்பியபடி என்னைக் கூப்பிட்டாள். "ஏனுங்க்கா, மாவு கையிலயே ஒட்டிக்குதுங்க. நேத்து ஃபிளாரன்ஸ்ல பண்ணறப்ப இப்படி ஒட்டவே இல்லீங்களே. நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. முட்டையை உடைத்து விட்டுப் பிசைய ஆரம்பித்தால் முதல் சில நிமிடங்களுக்கு மாவு ஒட்டத்தான் செய்யும். நேற்று ஒட்டவில்லை என்றால், வேறு யாரோ பிசைந்து ஊறவைத்த உருண்டையைத்தான் நேற்று அவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். முந்தின நாள் அவளும் அவள் கணவரும் கட்டிய பணம் எவ்வளவு என்று கேட்டேன். எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் அதே ஃபிளாரன்ஸில் அதே தவறைச் செய்துதான் நானும் தொடங்கினேன்.

வட இத்தாலியில் இருக்கும் பொலோன்யாவில் குடியேறி எட்டு வருடம் ஆகிறது. வார இறுதிகளில் ஒரு வீட்டுச் சமையலறையில் நடக்கும் பாஸ்தா வகுப்பில் உதவிக்கு நிற்கிறேன். மாவு நிறுத்து வைப்பது, பலகை சுரண்டுவது, வருகிறவர்களுக்கு ஆங்கிலத்திலும் சில சமயம் தமிழிலும் எடுத்துச் சொல்வது என் வேலை. நேரத்துக்கு வாருங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, திரும்பத் திரும்பப் பார்க்கிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

'நீங்களே செய்யலாம்' என்ற வரியை நம்பிப் பணம் கட்டுவது

2015இல் முதன்முறை இத்தாலிக்கு வந்தபோது ஃபிளாரன்ஸில் ஒரு பாஸ்தா வகுப்புக்கு 89 யூரோ கட்டினேன். அன்றைய கணக்கில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். விளம்பரத்தில் ஒரு பெண் முழங்கை வரை மாவோடு சிரித்துக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால் நீளமான ஒரு மேசை, அதைச் சுற்றி 22 பேர், நடுவில் ஒரே ஒரு பலகை. ஆசிரியர் மாவில் குழி பறித்து முட்டை ஊற்றினார். பிறகு அந்த ஒரே உருண்டை கைமாறிக் கைமாறி வந்தது. ஆளுக்கு அரை நிமிடம் பிசைந்தோம். என்னிடம் வரும்போது அது ஏற்கெனவே வழவழப்பாகிவிட்டது. அப்புறம் இயந்திரத்தின் கைப்பிடியைச் சிலர் சுற்றினார்கள். எனக்குக் கத்தி கிடைத்தது, நான்கைந்து பட்டைகள் வெட்டினேன். எல்லாம் கோணல்மாணல்.

வெட்டியதை ஒரு தட்டில் அள்ளி உள்ளே கொண்டுபோனார்கள். கால் மணி நேரத்தில் 22 தட்டு பாஸ்தா வந்தது. நான் என் தட்டை முள்கரண்டியால் கிளறிக் கிளறிப் பார்த்தேன். ஒரு கோணல் பட்டைகூட இல்லை. எல்லாம் அச்சில் போட்டதுபோல ஒரே அகலம். நாங்கள் வெட்டியது எங்கே போனது என்று கேட்கக்கூட அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்லவில்லை. ருசியாகத்தான் இருந்தது. ஆனால் நான் பணம் கட்டியது சாப்பிட அல்ல. சென்னைக்குத் திரும்பிய வாரமே அவர்கள் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு வீட்டில் பிசைந்தேன். மாவு ஒட்டியது. பயந்துபோய் மேலும் மாவு போட்டேன். கல்லாகிவிட்டது. தண்ணீர் தெளித்தேன், பிசுபிசுவென்று ஆனது. எந்தக் கட்டத்தில் பொறுத்திருக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் கவலைப்பட வேண்டும் என்று என் கைக்குத் தெரியவில்லை. ஏனென்றால் என் கை அந்தக் கட்டங்களைத் தாண்டி வரவே இல்லை.

பாஸ்தா மாவில் கற்றுக்கொள்ள வேண்டியது எல்லாம் அந்தக் கட்டங்களில்தான் இருக்கிறது. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்ற அளவை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். முதலில் சேறுபோல இருக்கும். பிறகு பொடிப்பொடியாக உதிர்ந்து, இது சேரவே சேராது என்று தோன்றும். ஐந்தாவது நிமிடத்தில் சேர்ந்துகொள்ளும், ஆனால் மேல்தோல் சொரசொரவென்று இருக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, திருப்பித் தள்ளிக்கொண்டே இருந்தால் பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் திடீரென்று காதுமடல்போல மிருதுவாகும். கத்தியால் குறுக்கே வெட்டினால் உள்ளே குட்டிக் குட்டிக் காற்றுப் பொத்தல்கள் தெரியும். இங்கே பாஸ்தா தேய்ப்பதையே தொழிலாகக் கொண்ட பெண்களை ஸ்ஃபோலீனா என்பார்கள். அவர்கள் அந்தப் பொத்தலைப் பார்த்துவிட்டுத்தான் மூடி வைப்பார்கள். அரை மணி நேரமாவது ஊறினால்தான் மாவின் இழுவை தளரும். இல்லையென்றால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வரும்.

இதில் எதையும் 22 பேருக்கு ஒரு பலகை போட்டுக் கற்றுக்கொடுக்க முடியாது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? ஆளுக்கு ஒரு பலகையா? என் மாவை நானே தொடக்கத்திலிருந்து பிசைவேனா? தேய்ப்பது கட்டையாலா, இயந்திரத்தாலா? நான் வெட்டியதைத்தான் நான் சாப்பிடுவேனா? இந்த ஐந்தும் போதும். நேர்மையாக நடத்துகிறவர்கள் இரண்டு வரியில் பதில் போட்டுவிடுவார்கள். 'எல்லோரும் பங்கேற்கும் இனிய அனுபவம்' என்று சுற்றி வளைத்தால் விட்டுவிடுங்கள். ஒரு ஆசிரியருக்கு எட்டுப் பேருக்கு மேல் என்றால் நான் போகமாட்டேன்.

வகுப்பு நடத்துகிறவர்கள் போடும் படங்களைப் பார்க்காமல், வந்துபோனவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். தலைகளை எண்ணுங்கள். ஒவ்வொருவர் முன்னாலும் பலகை இருக்கிறதா, ஏப்ரன் அழுக்காகியிருக்கிறதா என்று கவனியுங்கள். எல்லோர் கையிலும் ஒயின் கிளாஸ் இருந்து ஏப்ரன் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தால் அது விருந்து. விருந்து வேண்டுமென்றால் தாராளமாகப் போங்கள், கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஃபிளாரன்ஸிலும் நல்ல வகுப்புகள் இருக்கின்றன. கதீட்ரலுக்குப் பக்கத்தில் என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் தவறு. முட்டைப் பாஸ்தாவின் சொந்த ஊர் பொலோன்யா, ஃபிளாரன்ஸிலிருந்து விரைவு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

சப்பாத்தி தேய்த்த கை என்ற தைரியம்

நம் ஊர்க்காரர்கள் பலகை முன்னால் நின்றதும் ஒரு தெம்பு வரும். அது நல்லதுதான், பயப்படாமல் பிசைவார்கள். ஆனால் தேய்க்கும்போது அதே பழக்கம் காலை வாரிவிடும்.

சப்பாத்திக்கு நாம் கட்டையை அழுத்துகிறோம். இங்கே தேய்க்கும் பெரிய மெல்லிய தகட்டுக்கு ஸ்ஃபோல்யா என்று பெயர். அதை அழுத்தக்கூடாது, இழுக்க வேண்டும். மத்தரெல்லோ என்ற நீளக் கட்டையில் தகட்டின் ஓரத்தைச் சுற்றி, இரண்டு உள்ளங்கையையும் நடுவில் வைத்து, கட்டையை உருட்டிக்கொண்டே கைகளை இரண்டு பக்கமும் நகர்த்த வேண்டும். தகடு அகலவாக்கில் விரியும். கொஞ்சம் திருப்பி, மறுபடியும். ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக வர வேண்டும். ஊருக்கு வெளியே குன்றின் மேல் சான் லூக்கா மாதா கோயில் இருக்கிறது. ஸ்ஃபோல்யாவைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியாகச் சான் லூக்கா தெரிய வேண்டும் என்பது இந்த ஊர்ப் பேச்சு.

அடுத்தது, தொட்டுத் தேய்க்கும் மாவு. ஒவ்வொரு உருட்டலுக்கும் கை தானாக மாவுக் கிண்ணத்துக்குப் போகும். வேண்டாம். வறண்டுபோய் ஓரம் வெடிக்கும். எண்ணெயும் ஊற்ற வேண்டாம், மாவில் உப்பும் வேண்டாம். பொலோன்யாவில் மாவு, முட்டை, அவ்வளவுதான். உப்பு கொதிக்கிற தண்ணீருக்கு: ஒரு லிட்டருக்கு 10 கிராம்.

கோயம்புத்தூர்ப் பெண் இரண்டு முட்டை மாவைத் தேய்த்து முடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒரு மூலையில் அவள் விரல் நிழல் தெரிந்தது, மறு மூலை இன்னும் தடியாக இருந்தது. நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கிழிசல். ஓரத்திலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி, விரலை ஈரமாக்கி ஒட்டுப்போட்டோம். நேற்றைய வகுப்பில் கிழியவே இல்லை என்றாள். இன்றைக்குக் கிழிந்ததால்தான் ஒட்டுப்போடத் தெரிந்தது.

ஒட்டுகிறதே என்று மாவைக் கொட்டுவது

பத்து நிமிடம் பிசைந்த பிறகும் ஒட்டினால் ஒரு சிட்டிகை போடுங்கள். அதற்கு முன்னால் கூடாது.

சைவம் என்பதை வந்து நின்ற பிறகு சொல்வது

பாஸ்தாவுக்குள் வைக்கும் பூரணத்தை முந்தைய இரவே செய்து வைத்துவிடுவார்கள். காலையில் வந்து 'நாங்கள் சைவம்' என்றால், உங்களுக்கு வெறும் தக்காளிச் சாறுதான் மிஞ்சும். பதிவு செய்யும்போதே எழுதுங்கள். 'வெஜிடேரியன்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், எதெல்லாம் ஆகாது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

தொர்தெல்லீனி என்ற குட்டிப் பொட்டலத்துக்குள் பன்றிக்கறியும் மொர்தடெல்லா என்ற பன்றித் தொத்திறைச்சியும் இருக்கும், அதை வேகவைப்பதும் கறிச் சாற்றில்தான். அதே வடிவத்தின் பெரிய அண்ணன் தொர்தெல்லோனி. அதற்குள் வைப்பது ரிக்கோட்டாப் பாலாடை, மேலே வெண்ணெயும் சேஜ் இலையும். அதைக் கேளுங்கள். ஆனால் அதிலும் பார்மிஜானோ சீஸ் சேரும். பார்மிஜானோவுக்குப் பாலைத் திரைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். இங்கே பலருக்கு இது சைவத்தை மீறியதாகவே தோன்றாது, ஆகவே அவர்களாக வந்து சொல்லமாட்டார்கள். இனிப்புகளிலும் கவனம்: பன்னா கொத்தாவில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. டிராமிசுவில் பச்சை முட்டை, பல வீடுகளில் கொஞ்சம் மதுவும்.

முட்டையே ஆகாது என்றால் பொலோன்யாவுக்கு வர வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். தெற்கே பாரி நகரத்துக்குப் போங்கள். அங்கே ஒரெக்கியெத்தே என்று காது வடிவத்தில் ஒரு பாஸ்தா, டூரம் கோதுமை ரவையும் வெதுவெதுப்பான தண்ணீரும் மட்டும்தான். பழைய நகரத்தில் பெண்கள் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, கத்தி முனையால் இழுத்து, கட்டைவிரலில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். முட்டையில்லாத மாவு என்று சமாளிக்கத் தேவையில்லை, அங்கே அதுதான் மரபு.

ஞாயிற்றுக்கிழமை 'சந்தையோடு சேர்ந்த' வகுப்பு

முதலில் சந்தைக்குக் கூட்டிப்போய்ப் பிறகு சமைக்க வைக்கும் வகுப்பு இது. ஆனால் ஃபிளாரன்ஸின் சான்ட் அம்ப்ரோஜோ சந்தைக்கு ஞாயிறு விடுமுறை. இத்தாலியின் கோடை விடுமுறை நாளான ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரத்திலும் யோசித்துப் பதிவு செய்யுங்கள், பாதிக் கடைகள் பூட்டியிருக்கும்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருவது

நீங்கள் செய்வதுதான் மதியச் சாப்பாடு.

பட்டையை அகலமாக வெட்டுவது

ஸ்ஃபோல்யா கொஞ்சம் காய வேண்டும். தொட்டால் துணிபோல இருக்க வேண்டும், மடித்தால் உடையக்கூடாது. ஈரத்தோடு சுருட்டி வெட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தப் பயத்தில்தான் எல்லோரும் விரலகலத்துக்கு வெட்டுகிறார்கள். தால்யதெல்லே என்ற இந்தப் பட்டைப் பாஸ்தாவுக்கு அளவு உண்டு: வெந்த பிறகு 8 மில்லிமீட்டர். 1972இல் இந்த ஊர் வணிக சபையில் அந்த அளவில் தங்கத்தில் ஒரு பட்டையே செய்து வைத்தார்கள். இந்த ஊரின் பழைய கோபுரமான அசினெல்லியின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்று கணக்கு. வெந்தால் பருக்கும் என்பதால் வெட்டும்போது 7 மில்லிமீட்டரை ஒட்டி வெட்டச் சொல்லித்தருகிறோம்.

மத்தரெல்லோ வாங்குவது

பெட்டியை அளந்துவிட்டு வாங்குங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள்.

ஊருக்குப் போய் 'ஒரு முட்டை' என்ற கணக்கை அப்படியே பிடித்துக்கொள்வது

நம் ஊரில் கிடைக்கும் முட்டை பெரும்பாலும் சிறியது. 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை போட்டால் மாவு உதிரும், உடனே கை தண்ணீருக்குப் போகும். முட்டையை உடைத்து நிறுத்துப் பாருங்கள். ஓடில்லாமல் 55 கிராம் வர வேண்டும். குறைந்தால் இன்னொரு முட்டையை அடித்து, அதிலிருந்து கரண்டியால் எடுத்து ஈடுகட்டுங்கள்.

நிறம் வெளிறி வரும். இங்கே பாஸ்தாவுக்கென்றே மஞ்சள்கரு ஆரஞ்சாக இருக்கும் முட்டையை விற்கிறார்கள், அதனால்தான் அந்தப் பொன்னிறம். அதற்காக மஞ்சள்தூள் போட வேண்டாம், வாசனை கெட்டுவிடும். சென்னை வெயிலில் மாவு சீக்கிரம் காயும், ஃபேனை அணைத்துவிட்டுத் தேயுங்கள். முதல் தடவை 200 கிராமுக்கு மேல் எடுக்காதீர்கள். கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போதும். இரண்டாவது நிமிடத்திலேயே ஒரு பட்டையை எடுத்துக் கடித்துப் பாருங்கள்.