பிரையாரிட்டி யாருக்கு?

போன மாதம் கோவளத்தில் சர்ஃபிங் (அலைச்சறுக்கு) பழகும் பையன்களுக்கு ஒரு பயிற்சி ஹீட் வைத்தோம். ஹீட் என்றால் சிலர் ஒன்றாகக் கடலில் இறங்கி, குறித்த நேரத்துக்குள் அலை பிடித்து மோதும் ஒரு ஆட்டம். 17 வயதுப் பையன், நன்றாகவே சறுக்குகிறவன். மூன்றாவது நிமிடமே உப்புச்சப்பில்லாத ஒரு அலைக்குக் கை போட்டுத் துழாவினான், அதைத் தவறவும் விட்டான். "சும்மா ட்ரை பண்ணேன்ணா" என்றான் கரைக்கு வந்து. எனக்கு வயிறு எரிந்தது. சில வருடங்களுக்கு முன் நானும் அச்சு அசலாக அதையேதான் செய்தேன்.

போர்டில் மெழுகு தேய்க்க மறப்பது, லீஷை (போர்டைக் காலோடு கட்டும் கயிறு) பார்க்காமல் இறங்குவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு முறை அடிபட்டால் தானாகப் புத்தி வரும். வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்கிற சிலதை மட்டும் சொல்கிறேன்.

பிரையாரிட்டியைத் தொலைப்பது

பிரையாரிட்டி என்றால் அலையை எடுக்கும் முன்னுரிமை. விதி சின்னதுதான். பிரையாரிட்டி வைத்திருப்பவர் எந்த அலையை வேண்டுமானாலும் எடுக்கலாம். மற்றவர்கள் அவருக்குக் குறுக்கே வராத வரையில்தான் சறுக்கலாம். அவர் ஒரு அலையை எடுத்ததும் உரிமை அடுத்தவருக்குப் போகும். எல்லோரும் மறப்பது இதற்கு அப்புறம் வருகிற பாதியை: அலைக்குத் துழாவிவிட்டு அதைத் தவறவிட்டாலும் உரிமை போய்விடும்.

என் கதைக்கு வருகிறேன். வெளிநாட்டில் ஒரு தகுதிச் சுற்றுப் போட்டி. நான்கு பேர் ஹீட், முதல் இருவர் அடுத்த சுற்றுக்குப் போகலாம். நான் இரண்டாவது இடத்தில் இருந்தேன். ஆறு நிமிடம் மிச்சம். பிரையாரிட்டி என் கையில். ஒரு அலை வந்தது, துழாவினேன், அது என்னை விட்டுவிட்டுப் போனது. 'சரி, எடுக்கத்தான் இல்லையே' என்று அதே இடத்தில் உட்கார்ந்தேன். பிரையாரிட்டி யாருக்கு என்று ஜெர்சி நிறத்தில் காட்டும் பலகை கரையில் இருக்கும். அதில் நிறம் மாறிவிட்டது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த அலையில் மஞ்சள் ஜெர்சிக்காரர் உள்ளேயிருந்து எழுந்து வர, நான் அவர் முன்னால் போய் விழுந்தேன். இன்டர்ஃபியரன்ஸ், அதாவது குறுக்கே வந்த குற்றம்.

தண்டனை என்ன தெரியுமா? ஒரு ஹீட்டில் உங்கள் சிறந்த இரண்டு அலைகளைத்தான் கூட்டுவார்கள், ஒவ்வொன்றும் 10-க்கு. அடுத்தவர் பிரையாரிட்டியில் குறுக்கே வந்தால் அந்த இரண்டில் குறைந்த அலையின் மதிப்பெண் பூஜ்யம். யாருக்கும் பிரையாரிட்டி முடிவாகாத நேரம் என்றால் அந்த மதிப்பெண்ணில் பாதியை மட்டும் வெட்டுவார்கள். என் கணக்கில் ஒரே ஒரு அலை மிஞ்சியது. கடைசி இடம். விமானம், அறை, நுழைவுக் கட்டணம் எல்லாமாக ஆறு மாதம் பயிற்சி சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம். பணத்தைக்கூட மறந்துவிட்டேன். நான் முதலில் துழாவிய அந்த அலை எடுத்திருந்தாலும் 2 மதிப்பெண் தேறாது என்பதுதான் இன்றும் எரிச்சல்.

'புதியவன்தானே' என்று நினைக்க வேண்டாம். 2019 அக்டோபரில் போர்ச்சுகல்லின் பெனிஷ் கடற்கரையில் பிரேசிலின் கேப்ரியல் மெடினா இதே மாதிரித்தான் சிக்கினார். அப்போதே இரண்டு முறை உலக சாம்பியன். பிரையாரிட்டி எதிராளி காயோ இபெல்லியிடம் இருந்தது, மெடினா தனக்கென்று நினைத்து எழுந்தார், ஹீட் போனது. பட்டத்துக்கான போட்டி டிசம்பரில் ஹவாயின் பைப்லைன் வரை இழுத்தது. அங்கே இறுதிச் சுற்றில் இட்டாலோ ஃபெரேரா மெடினாவை வீழ்த்திப் பட்டத்தைக் கொண்டுபோனார். வேடிக்கை என்னவென்றால், அதே பைப்லைனில் முந்தைய ஒரு சுற்றில் இதே இபெல்லிக்கு மெடினா வேண்டுமென்றே குறுக்கே போனார். ஒரு அலையின் மதிப்பெண்ணே தனக்குப் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார், ஜெயிக்கவும் செய்தார். நியாயமா என்று சர்ஃபர்கள் நிறையவே சண்டை போட்டாயிற்று. எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் விதியை அந்த அளவுக்குத் தெரிந்துவைத்திருந்தார் என்பதை மறுக்க முடியாது.

ஆகவே பையன்களிடம் இப்போது கறாராகச் சொல்கிறேன்: துழாவுவதற்கு முன் கரையில் உள்ள பலகையைப் பார், அலை முடிந்து திரும்பி வந்ததும் பார். சந்தேகமா, கை வைக்காதே. பிரையாரிட்டி உன்னிடம் இருந்தால் சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான். எதிராளி பதற்றத்தில் கண்டதை எடுக்கட்டும்.

8 மதிப்பெண்ணோடு ஓய்வெடுப்பது

ஒரு அலையில் 8 எடுத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தவரை, 5-ம் 4-ம் எடுத்தவர் தாண்டிப் போவார். முதலில் சுமாராக இரண்டு அலை, அப்புறம் வீரம்.

ரிட்டர்ன் டிக்கெட்

போட்டி இத்தனை தேதி முதல் இத்தனை தேதி வரை என்று அறிவிப்பார்கள். உலக சாம்பியன் பட்டத்துக்கான தொடரில் அது பத்து நாளுக்கு மேலும் நீளும், உண்மையில் போட்டி நடப்பது நாலைந்து நாள்தான். மீதி நாளெல்லாம் அலைக்காகக் காத்திருப்பு. கடைசி நாளுக்கு முன்பே திரும்பிவர டிக்கெட் போட்ட ஒருவர், காலிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டு விமான நிலையத்துக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக் காசையும் கடைசி நாள் வரைக்கும் கணக்குப் போடுங்கள்.

ஒரே போர்டு

பைப்லைனின் கடலடிப் பாறைக்கு எடுத்துப்போன போர்டு, பெனிஷின் மணல்கரைக்கு ஆகாது. உடைந்தால் இன்னொன்று வேண்டும் என்பது தனிக் கதை.

நேரம்

ஹீட்டில் எத்தனை நிமிடம் மிச்சம் என்று தெரிய, கையில் வாட்ச் கட்டு.