சுவர் ஏன் நனைஞ்சிருக்கு? ரெண்டரிங் மெட்டீரியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லடியில் கட்டவிருந்த ஒரு வீட்டுக்கு முதன்முதலாக ரெண்டர் படம், அதாவது கணினி மொடலிலிருந்து நிஜம் போல எடுக்கும் படம், செய்து காட்டினேன். வீட்டுக்கார அம்மா அதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, சுவர் ஏன் நனைஞ்சிருக்கு?" என்று கேட்டார். நான் போட்டது சாதாரண சீமெந்துப் பூச்சு. பார்த்தால் மாரியில் மூன்று நாள் ஊறிய சுவர் போல மினுங்கியது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போனது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், பரப்பின் சொரசொரப்பைச் சொல்லும் ரஃப்னஸ் மேப்பை இணைத்தபோது, படத்தை எப்படி வாசிப்பது என்று சொல்லும் கலர் ஸ்பேஸை 'நான்-கலர்' என்று மாற்றாமல் விட்டிருந்தேன். ரஃப்னஸ் மேப் கண்ணுக்குத்தான் படம். மென்பொருளுக்கு அது வெறும் எண்கள். சாதாரண நிறப் படங்களுக்கான எஸ்ஆர்ஜிபி என்று விட்டால் அதை வண்ணமாக எண்ணித் திருத்திவிடும். 0 முதல் 255 வரையான அளவில் 128, அதாவது 0.5 ஆக நிற்க வேண்டிய நடுச் சாம்பல், 0.22க்கு இறங்கிவிடும். சொரசொரப்பு அவ்வளவு குறைந்தால் சுவர் மினுங்காமல் என்ன செய்யும்? மேடு பள்ளத்தைச் சொல்லும் நார்மல், டிஸ்பிளேஸ்மென்ட் மேப்புகளுக்கும் இதே கதைதான். நிறத்தைத் தரும் பேஸ் கலர் மேப்புக்கு மட்டுமே எஸ்ஆர்ஜிபி. வீ-ரே என்ற ரெண்டர் மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு. அது வழக்கமாகக் கேட்பது குளோஸினஸ், அதாவது ரஃப்னஸின் தலைகீழ். மேப்பை இன்வர்ட் செய்யுங்கள், இல்லையென்றால் ரஃப்னஸ் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

செங்கல்லின் இடுக்குகள் உள்ளே போகாமல் வெளியே புடைத்துத் தெரிந்தால் நார்மல் மேப்பின் வகை மாறியிருக்கிறது. வகை இரண்டு: பிளெண்டருக்கு ஓபன்ஜிஎல், ட்வின்மோஷன் என்ற மென்பொருளுக்கு டைரக்ட்எக்ஸ். மேப்பின் பச்சைச் சேனலைத் தலைகீழாக்கினால் சரி.

ஆனால் வாடிக்கையாளரின் கண் முதலில் பிடிப்பது அளவைத்தான். அவருக்கு மேப் தெரியாது, கல் தெரியும். இணையத்தில் இறக்கிய செங்கல் படத்தில் குறுக்கே 8 செங்கல், உயரத்தில் 24 வரி இருக்கிறது என்று வையுங்கள். பிரித்தானியச் செங்கல் இடுக்கோடு சேர்த்து 225 மில்லிமீற்றர் நீளம், 75 உயரம். ஆக அந்தப் படம் 1.8 மீற்றர் சதுரம். அதை 1 மீற்றர் என்று விட்டுவிட்டால் தீப்பெட்டி அடுக்கியது போலத்தான் இருக்கும். நம் ஊர்க் கல்லுக்கு அந்தக் கணக்கும் பொருந்தாது; மேசனிடம் டேப்பை வாங்கி ஒரு தரம் அளந்துவிடுங்கள். தரைக்கு இன்னும் எளிய சோதனை: 2 அடி மாபிள் போட்டால் 3 அடி வாசலுக்குள் ஒன்றரை மாபிள் வர வேண்டும். நான்கு வந்தால் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் வீடு பொம்மை வீடாகத் தெரியும்.

ஓட்டுக் கூரைக்கும் அஸ்பெஸ்டஸ் சீற்றுக்கும் நார்மல் மேப் மட்டும் போதாது. அது வெளிச்சத்தைத்தான் ஏமாற்றும், விளிம்பை மாற்றாது. தாழ்வாரத்து ஓரம் கோடு போட்டது போல நேராக நின்று காட்டிக்கொடுத்துவிடும். கிட்டத்தில் தெரியும் ஓரத்தையாவது மொடலாகவே செய்யுங்கள்.

வெள்ளைச் சுவருக்கு 255 கொடுக்க வேண்டாம். விழும் ஒளி முழுவதையும் திருப்பி அனுப்பும் பெயின்ட் கிடையாது. 230 அளவில் நிறுத்தினால் அறை மூலைகளில் நிழல் தங்கும்.

மெட்டீரியல் தேட, கூகுள் படங்களை விட்டுவிடுங்கள். உரிமை ஒரு பிரச்சினை, படத்திலேயே ஒட்டியிருக்கும் நிழல் இன்னொன்று. பொலி ஹேவன் (Poly Haven), ஆம்பியன்ட்சிஜி (ambientCG) என்ற இரண்டு இணையத்தளங்களிலும் எல்லாம் சிசி0, அதாவது உரிமையை விட்டுக்கொடுத்தவை; காசு வாங்கும் வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். என்ன, நம் ஊர்ச் சுவர் அங்கே கிடைப்பது அரிது.

அப்போது நாமே எடுக்க வேண்டியதுதான். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த மட்டக்களப்புக் கோட்டையின் சுவரை நான் பட்டப்பகல் வெயிலில் போய் எடுத்தேன். ஒவ்வொரு புடைப்புக்கும் கீழே ஒரு கறுப்பு நிழல். ரெண்டரில் சூரியனை எந்தப் பக்கம் வைத்தாலும் அந்த நிழல் அசையவில்லை. மறுகா கார்த்திகையில், மூடம் போட்ட ஒரு காலையில் போய் எடுத்ததுதான் உதவியது. மழை பெய்த கையோடு போகாதீர்கள், ஈரச் சுவர் கறுத்து விழும். சுவருக்கு நேரே நின்று, கொஞ்சம் தள்ளி, ஸூம் செய்து எடுங்கள். ஒரு படத்தில் டேப்பையும் சேர்த்துப் பிடித்தால் அளவுப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. பிறகு கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் ஆஃப்செட் கொடுத்து, அதாவது படத்தை நகர்த்தி ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து, ஓரங்களின் தையலை அழிக்கலாம். தையலைவிடத் தனித்துத் தெரியும் கறைதான் ஆபத்து. ஒரே பாசித் திட்டு இரண்டு மீற்றருக்கு ஒரு தரம் தலைகாட்டினால் சுவர் சீத்தைத் துணி மாதிரி ஆகிவிடும். அதை முதலில் அழியுங்கள்.

எல்லாவற்றையும் 8கேயில் இறக்கும் ஆசை எனக்கும் இருந்தது. 4கே, அதாவது ஒரு பக்கம் 4096 பிக்சல் கொண்ட மேப் ஒன்று மெமரியில் சுமார் 64 எம்பி, 8கே 256 எம்பி. ஒரு மெட்டீரியலுக்கு நான்கைந்து மேப். 2 மீற்றர் அகலத்துக்கு 4கே போட்டாலே மில்லிமீற்றருக்கு இரண்டு பிக்சல் கிடைக்கிறது. வளவுக்கு அப்பால் நிற்கும் மதிலுக்கு 1கே போதும்.