டேப் அழுத்தினால் டெர்மினல் திணறுகிறதா?

விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கித் தரும் டபிள்யூஎஸ்எல் வசதி வழியாக லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய தொல்லை. மீதிப் பெயரை டெர்மினலே நிரப்பட்டும் என்று இரண்டு எழுத்து அடித்து டேப் தட்டினால், கர்சர் சில நொடிகள் அப்படியே உறைந்து நிற்கும். மெஷின் பழசாகிவிட்டது என்று ரேமைக் குறை சொல்ல வேண்டாம்.

முதலில் தாமதம் எங்கே என்று பாருங்கள். ஃபைல் பெயரை நிரப்பும்போது வேகமாக இருந்து, வரியின் முதல் சொல்லான கமாண்டை நிரப்பும்போது மட்டும் இழுத்தால், பெரும்பாலும் பாத் (கமாண்டுகளை எந்தெந்த ஃபோல்டர்களில் தேடுவது என்ற பட்டியலை வைத்திருக்கும் வேரியபிள்) தான் காரணம். எக்கோ கமாண்டால் அதைத் திரையில் காட்டச் செய்து பாருங்கள். எம்என்டி, சி என்று தொடங்கும் விண்டோஸ் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து விழும். டெர்மினலில் நீங்கள் அடிப்பதைப் படித்து இயக்கும் பாஷ், ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து பெயர்களைத் தேடுகிறது. லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைப் படிப்பதோ மகா மந்தம்.

சந்தேகம் தீர, அந்த ஒரு டெர்மினலில் மட்டும் பாத்தை யூஎஸ்ஆர் பின், பின் என்ற இரண்டு லினக்ஸ் ஃபோல்டர்களுக்குச் சுருக்கிவிட்டு டேப் தட்டுங்கள். சட்டென்று வந்தால் ஆள் அகப்பட்டாயிற்று.

இதை நிரந்தரமாகச் சரிசெய்ய, லினக்ஸின் இடிசி ஃபோல்டரில் உள்ள டபிள்யூஎஸ்எல் கான்ஃப் ஃபைலில், இன்டராப் பகுதியின் கீழ் அப்பெண்ட்விண்டோஸ்பாத் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். ஃபைல் இல்லாவிட்டால் நீங்களே உருவாக்கலாம். அப்புறம் விண்டோஸ் பக்கத்திலிருந்து டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் செய்து திறக்க வேண்டும்; டெர்மினல் ஜன்னலை மூடினால் மட்டும் போதாது.

ஒரு சங்கடம் உண்டு: நோட்பேட், விஎஸ் கோட் போன்றவை இனி பெயரை மட்டும் அடித்தால் திறக்காது. தேவையான ஃபோல்டரை மட்டும் பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி ஃபைலில் பாத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிட், மேக் என ஒரே ஒரு கமாண்டை அடித்த பிறகு டேப் தட்டினால் மட்டும் தாமதமா? அது வேறு கதை. அந்தக் கமாண்டுக்குப் பின் எதை நிரப்புவது என்று சொல்லும் கம்ப்ளீஷன் ஸ்கிரிப்டைத்தான் பார்க்க வேண்டும்.