108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர் ஆவது எப்படி?

'பாரா மெடிக்கல்' என்ற சொல்லுக்குள் ஆய்வகம், எக்ஸ்ரே, டயாலிசிஸ் என மருத்துவமனைக்குள் நடக்கும் பல வேலைகளும் அடங்கிவிடுவதால், ஆம்புலன்ஸில் பணிபுரிய விரும்புபவர் எந்தப் படிப்பில் சேர்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வண்டியில் வந்து நோயாளியைக் கவனிப்பவரைத் தமிழ்நாட்டில் மருத்துவ உதவியாளர் என்பார்கள்; பணியில் இருப்பவர்கள் இ.எம்.டி. (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன்) என்றும், ஓட்டுநரைப் பைலட் என்றும் அழைப்பார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவர்களுக்கு, விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. பட்டப்படிப்பு இருக்கிறது, 3 ஆண்டுப் படிப்பும் 1 ஆண்டு உள்ளுறைப் பயிற்சியும் கொண்டது. ஆனால் 2008-இல் இங்கே தொடங்கிய 108 சேவையில் சேர அதுதான் வழி என்பதில்லை. பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம். (செவிலியப் பட்டயம்), ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு), டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்) முடித்தவர்களையும், விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்களையும் ஆள்சேர்ப்பு அறிவிப்புகள் வழக்கமாக அழைக்கின்றன. வயது பெரும்பாலும் 19 முதல் 30 வரை. அந்தந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு, அசல் சான்றிதழ்களுடன் செல்ல வேண்டும்.

எழுத்துத் தேர்வுக்குப் பின் உடற்கூறியல், முதலுதவி, அடிப்படைச் செவிலியப் பணி ஆகியவற்றைச் சோதிக்கும் மருத்துவ நேர்முகமும், அதையடுத்து மனிதவளத் துறை நேர்முகமும் நடக்கும். தாவரவியல் படித்தவர்கள் உடற்கூறியலை முன்கூட்டியே படித்துக்கொண்டு போவது நல்லது. தேர்வானவர்களுக்கு வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் ஆகிய மூன்றிலும் சுமார் 50 நாள் பயிற்சி உண்டு.

நின்றுபோன இதயத்தை மீட்க, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு மார்பை அழுத்த வேண்டும் என்பது பாடமாகக் கேட்க எளிது. இரண்டாவது மாடியின் குறுகலான அறையில், உறவினர்கள் அழுதுகொண்டு சூழ்ந்து நிற்கையில், கை தளராமல் அதைச் செய்வதுதான் வேலை. பாம்பு கடித்த காலில் ஊரார் கட்டிய கயிற்றைப் பார்த்தால், அவர்களைக் கடிந்துகொள்ளாமலும் அதைச் சட்டென்று அவிழ்த்துவிடாமலும், காலை அசையாமல் வைத்து, கட்டுப்பாட்டு மைய மருத்துவரிடம் பேசி நடக்க வேண்டும். பிரசவ அழைப்புகளுக்குக் குறைவில்லை. மருத்துவமனை எட்டாத தொலைவில் இருந்தால் வண்டியை ஓரங்கட்டிப் பிரசவம் பார்த்து, குழந்தையைத் துடைத்து உலர்த்தித் தாயின் மார்போடு அணைத்து வைத்து, தாய்க்கு இரத்தப்போக்கு மிகுகிறதா என்று கவனித்துக்கொண்டே பயணத்தைத் தொடர வேண்டியிருக்கும்.

எந்த மருத்துவமனை என்பதும் யோசிக்க வேண்டிய ஒன்றுதான். பக்கவாத நோயாளியை சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோனால் நேரம்தான் வீணாகும்.

பணி 12 மணி நேர ஷிப்ட். இரவும் பகலும் மாறி மாறி வரும். ஸ்ட்ரெச்சரைப் படிகளில் இறக்க முதுகில் வலு வேண்டும். நோயாளியை ஒப்படைக்கும்போது, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிக் கொடுத்து, ஆக்சிஜன் உருளையில் எவ்வளவு மீதி என்று பார்த்து, வண்டியைக் கழுவித் துடைத்து வைத்த பிறகுதான் அந்த அழைப்பு முடிகிறது.