பாம் ஸ்பிரிங்ஸ் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தொப்பி, சன் ஸ்கிரீன், கூலிங் கிளாஸ் பற்றியெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், நான் விட்டுவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே சுமார் இரண்டு மணி நேரம் ஓட்டினால் பாம் ஸ்பிரிங்ஸ் என்ற பாலைவன ஊர். கலிபோர்னியாவில் பிள்ளைகள் இருக்கும் நம்மவர்கள் பெற்றோரைக் கூட்டிப்போகும் இடங்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. புதிதாகப் போகிறவர்கள் என் பழைய தவறுகளை அப்படியே திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"நாங்க பார்க்காத வெயிலா?"

இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் குளிர் மாநிலங்களிலிருந்தும் வந்து குளிர்காலம் முழுக்கத் தங்குகிற பெரியவர்கள் ஏப்ரல் முடிவதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஹோட்டல் வாடகை சரியும். பள்ளி விடுமுறையும் ஊரிலிருந்து அப்பா அம்மா வருவதும் சரியாக அப்போதுதான். வாடகை ஏன் குறைந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. 2024 ஜூலை 5 அன்று இங்கே 51.1 டிகிரி. சென்னையின் உச்சமே 2003ல் பதிவான 45தான்.

டிகிரியைவிடப் பெரிய வில்லன் வறண்ட காற்று. சென்னையில் வியர்வை வழிந்து சட்டை நனையும், உடம்பே "போதும்பா" என்று சொல்லிவிடும். இங்கே வியர்வை தோலுக்கு வந்தவுடன் ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும். "வியர்க்கவே இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்று ஆளும் நடந்துகொண்டே இருப்பார், உள்ளே தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கும்.

நண்பர் ஒருவரின் மாமனாருக்கு ஒரு ஜூன் மாதம் இதுதான் நடந்தது. இந்தியன் கேன்யன்ஸ், அகுவா காலியெந்தே பழங்குடியினரின் நிலம். அங்கே பாம் கேன்யன் என்ற பள்ளத்தாக்கில் பனைமரங்கள் தோப்பாக நிற்கும், பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் வண்டியை மேலே விட்டுவிட்டு இறங்கிப் போக வேண்டும். போகும்போது இறக்கம், நிழல், உற்சாகம். ஏற்றமெல்லாம் திரும்பி வரும்போது, அதுவும் உச்சி வெயிலில். குடும்பத்துக்கே இரண்டு சின்ன பாட்டில் தண்ணீர்தான் எடுத்துப் போயிருந்தார்கள். ஏறி வரும்போது மாமனார் பேச்சை நிறுத்தினார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார். சட்டையில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. ஆம்புலன்ஸ், டிரிப்ஸ், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி. ஆள் பிழைத்துக்கொண்டார். பில் ஆயிரக்கணக்கான டாலரில் வந்தது. எடுத்திருந்த பயணக் காப்பீடு அதில் ஒரு பகுதியைத்தான் கட்டியது.

கோடையில் வந்தே தீருவேன் என்றால், காலை நேரத்தோடு வெளி வேலையை முடித்துவிடுங்கள். பாலைவனத்தில் நடப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டராவது வேண்டும், கூடவே உப்புள்ள ஏதாவது. பாட்டில் பாதியானால் திரும்பி நடங்கள், எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும் சரி. யாராவது குழறிப் பேசினாலோ தள்ளாடினாலோ போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டு 911க்குக் கூப்பிடுங்கள். உதவி வரும்வரை நிழலில் வைத்து, உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே இருங்கள்.

அரை டிரவுசரில் மலை மேலே

ஊருக்குப் பக்கத்தில் சான் ஹசிண்டோ மலைக்கு ஏற 1963ல் திறந்த ரோப் கார் 806 மீட்டரில் கிளம்பிப் பத்தே நிமிடத்தில் 2,596 மீட்டருக்கு ஏறிவிடும். கீழே நீச்சல் குளம், மேலே பைன் காடு. குளிர்காலத்தில் பனியும் கிடக்கும். ஸ்வெட்டர் இல்லாமல் போனவர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு அடுத்த வண்டிக்கே இறங்கிவிடுவார்கள், டிக்கெட் காசு வீண். கோடையில் நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த மலை மேலைத்தான் நான் சொல்வேன்.

குளிர்காலத்தில் மூன்று மணிக்குக் குளத்தில் இறங்குவது

ஊர் சான் ஹசிண்டோ மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. டிசம்பரில் மதியம் தாண்டியதுமே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். குளிப்பதென்றால் காலையில்.

ஏப்ரல் வார இறுதி

பக்கத்தில் நடக்கும் கோச்செல்லா இசை விழாவுக்கு வரும் கூட்டத்தால் அப்போது ஊர் நிரம்பிவிடும். விழாவுக்கு டிக்கெட் இல்லையா? வேறு வாரம் பாருங்கள்.

"அப்படியே ஜோஷுவா ட்ரீயும்"

பக்கத்திலிருக்கும் இந்தத் தேசியப் பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது, சாப்பாடு கிடையாது, போன் சிக்னலும் பெரும்பாலான இடங்களில் கிடையாது. மேப்பை முன்னாலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

காற்று நாள்

வடக்கே நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் வரும் இந்தியன் கேன்யன் டிரைவ், மணல் வீசினால் மூடப்படும். விமானம் பிடிக்க வேண்டிய நாளில் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.