லினக்ஸில் ஒலி வரவில்லையா? கீழ் அடுக்கிலிருந்து தேடுங்கள்

லினக்ஸுக்கு சவுண்ட் கார்டு டிரைவரை இணையத்தில் தேடி இறக்க வேண்டிய தேவை கிட்டத்தட்ட இல்லை. 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பு முதல் அல்சா என்னும் ஒலி அமைப்பு லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. இன்டெல், ஏஎம்டி மதர்போர்டுகளில் உள்ள ஒலிச் சிப்புகளுக்கும் பெரும்பாலான யூஎஸ்பி ஹெட்செட்டுகளுக்கும் அதுவே போதும். அப்படியும் ஒலி வராவிட்டால், ஃபர்ம்வேர் (சிப்பு இயங்க அதில் ஏற்றப்படும் மென்பொருள்) இருக்காது, அல்லது ஒலியளவைச் சரிசெய்யும் மிக்சரில் மியூட் விழுந்திருக்கும், அல்லது ஒலி வேறொரு சாதனத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். பல பக்கங்களில் சொல்வதுபோல அல்சாவையும் அதன் மேல் ஓடும் ஒலி மென்பொருளான பல்ஸ்ஆடியோவையும் முழுக்க நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். டெஸ்க்டாப் பேக்கேஜ்களும் சேர்ந்து போய்விடும். கோளாறு அப்படியே இருக்கும்.

இங்கே சொல்வது டெபியன் 12 என்ற லினக்ஸ் வகை ஓடும் இன்டெல் மடிக்கணினிக்கு. கட்டளைகளை ஒலிக்கும் விதத்தில் தமிழில் எழுதியிருக்கிறோம்; டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

கர்னலுக்குக் கார்டு தெரிகிறதா?

"எல்எஸ்பிசிஐ -என்என்கே" அடித்து ஆடியோ என்று வரும் பகுதியைப் பாருங்கள். அதன் கீழே பயன்பாட்டில் உள்ள டிரைவரின் பெயர் இருக்கும். பழைய போர்டுகளில் எஸ்என்டி_ஹெச்டிஏ_இன்டெல். புதியவற்றில் எஸ்ஓஎஃப் என்று தொடங்கும் பெயர். ஆடியோ பகுதியே இல்லையென்றால் பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புகளில்) ஒலி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து "ஏபிளே -எல்". கார்டு எண், டிவைஸ் எண்ணோடு பட்டியல் வந்தால் நேரே மிக்சருக்குப் போகலாம். கார்டே இல்லை என்று சொன்னால் ஃபர்ம்வேரைப் பாருங்கள்.

ஃபர்ம்வேர்

புதிய மடிக்கணினிகளில் உள்மைக் டிஜிட்டல் வகை. அது ஹெச்டிஏ கோடெக் என்ற வழக்கமான ஒலிச் சிப்பில் இணைந்திருப்பதில்லை. இன்டெல் சிப்பில் உள்ள டிஎஸ்பி என்ற ஒலிச் செயலியோடு நேரடியாக இணைந்திருக்கும். அந்த டிஎஸ்பி இயங்க, துவங்கும்போதே ஒரு ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற வேண்டும். ரூட் (நிர்வாகி) உரிமையோடு "டிமெசேஜ்" (டி, எம், ஈ, எஸ், ஜி) கட்டளையை ஓட்டி எஸ்ஓஎஃப் வரிகளைத் தேடுங்கள். ஃபர்ம்வேர் ஏற்றுவதில் "எரர் -2" என்று இருந்தால், கோப்பு வட்டில் இல்லை என்று பொருள்.

டெபியனில் இந்தப் பேக்கேஜின் பெயர் ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்டு (எஸ்ஓஎஃப் என்பதே சோஃப்). டெபியன் 12-இல் ஃபர்ம்வேர்களை நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பிரிவுக்கு மாற்றினார்கள். புதிதாக நிறுவியவர்களுக்கு நிறுவல் நிரலே இதைச் சேர்த்துவிடும். 11-இலிருந்து மேம்படுத்தியவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் பேக்கேஜ்கள் எங்கிருந்து வரும் என்று சொல்லும் அவர்களது பழைய சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் இந்தப் பிரிவு கிடையாது. மெயின் என்று முடியும் வரிகளில் அதையும் சேர்த்து, "ஆப்ட் அப்டேட்" ஓட்டி, பேக்கேஜை நிறுவி, கணினியை மறுதுவக்கம் செய்யுங்கள். ஃபெடோராவில் அதன் பெயர் அல்சா-சோஃப்-ஃபர்ம்வேர், ஆர்ச்சில் சோஃப்-ஃபர்ம்வேர்.

டிரைவர் அமைப்பில் டிஎஸ்பி_டிரைவர்=1 என்று போட்டால் ஒலி வந்துவிடும் என்பார்கள். வரும்தான். ஆனால் டிஎஸ்பியையே ஒதுக்கிவிடுவதால் உள்மைக் போய்விடும். ஃபர்ம்வேரை நிறுவுவதே சரியான வழி.

மிக்சர்

"அல்சாமிக்சர்" திறந்ததும் எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்கள். முதலில் தெரிவது பெரும்பாலும் மெய்நிகர்க் கார்டுதான். மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் பட்டைகளின் அடியில் எம்எம் என்று இருந்தால் மியூட். எம் விசையை அழுத்தினால் ஓஓ ஆகும். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லையென்றால் ஆட்டோ-மியூட் மோடை அணைத்துப் பாருங்கள். முடிந்ததும் ரூட்டாக "அல்சாசிடிஎல் ஸ்டோர்".

சோதனைக்கு "ஸ்பீக்கர்-டெஸ்ட் -சி 2 -டி வேவ்" (இந்த டி, டெஸ்ட் என்பதன் முதலெழுத்து). டிவைஸ் என்பதன் முதலெழுத்தான டி-யைப் பெரிய எழுத்தில் போட்டு பிளக்ஹெச்டபிள்யூ:0,0 என்று கார்டு, டிவைஸ் எண்களையும் கொடுத்தால், ஒலியைப் பங்கிடும் மேலடுக்கைத் தாண்டி நேரே கார்டுக்குப் போகும். சாதனம் வேறு வேலையில் இருப்பதாகச் சொன்னால் பிரவுசரை மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இடது, வலது என்று ஆங்கிலக் குரல் கேட்டுவிட்டால் டிரைவரில் குறையில்லை. இனி அதைத் தொடவே வேண்டாம்.

மேலடுக்கு

டெபியன் 12-இன் க்னோம் டெஸ்க்டாப்பில் ஒலியைப் பங்கிடுவது பைப்வயர். "டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்" அடித்தால் இயல்புநிலைச் சாதனத்தின் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். அது ஹெச்டிஎம்ஐ மேல் இருந்தால் ஒலி மானிட்டருக்குப் போகிறது. "டபிள்யூபிசிடிஎல் செட்-டீஃபால்ட்" என்பதோடு ஸ்பீக்கரின் எண்ணைக் கொடுங்கள். பட்டியலில் டம்மி அவுட்புட் மட்டுமே இருந்தால் பைப்வயருக்குக் கார்டு கிடைக்கவில்லை. ஏபிளே பட்டியலில் கார்டு இருந்தும் இப்படியானால் "சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் பைப்வயர் பைப்வயர்-பல்ஸ் வயர்பிளம்பர்" ஓட்டுங்கள். முன்னால் சூடோ சேர்க்காதீர்கள். இவை பயனர் கணக்கில் ஓடும் சேவைகள். ரூட்டாக ஓட்டினால் உங்கள் அமர்வில் எதுவும் மாறாது.

பாட்டு தொடங்கும்போதும் நிற்கும்போதும் "டப்" என்று சத்தம் வந்தால், காரணம் மின்சேமிப்பு: சும்மா இருக்கும் கோடெக் சில நொடிகளில் உறங்கி, விழிக்கும்போது சத்தம் போடுகிறது. இடிசியின் கீழ் உள்ள மோட்புரோப்.டி அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி "ஆப்ஷன்ஸ் எஸ்என்டி_ஹெச்டிஏ_இன்டெல் பவர்_சேவ்=0" என்று எழுதி மறுதுவக்கம் செய்யுங்கள். கோப்பின் பெயர் .கான்ஃப் என்று முடியாவிட்டால் அது படிக்கப்படாது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

எல்லாம் சரியாக இருந்தும் புத்தம் புதிய மடிக்கணினியில் ஸ்பீக்கர் மட்டும் பேசவில்லையா? ஒரே ரியல்டெக் சிப்பை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாக இணைக்கிறார்கள். அந்தந்த மாடலுக்கான திருத்தங்கள் கர்னலுக்குள் ஒரு பட்டியலாக இருக்கின்றன. 12-உடன் வந்த 6.1 கர்னலில் உங்கள் மாடல் இல்லாமல் இருக்கலாம். டெபியன் 12-க்கான புதிய பதிப்புகள் உள்ள புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ் என்ற பிரிவிலிருந்து புதிய கர்னலையும் ஃபர்ம்வேரையும் நிறுவிப் பாருங்கள். பழைய கர்னலை நீக்க வேண்டாம்; புதியது ஒத்துவராவிட்டால் கணினி துவங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழையதைத் தேர்ந்து திரும்பிவிடலாம்.